ஒராங்குட்டான் பார்க்கப் போன ஏழு பேர்

ஒராங்குட்டான் என்பது என் யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் தோழிகளில் யாரைக் கேட்டாலும் அது வேறு யாரோ சொன்னதாகத்தான் இருக்கும்.

குன்னூரில் பத்தாவது வரை ஒன்றாகப் படித்த பெண்கள் நாங்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்துவிட்டு, வாட்ஸ்அப் வந்த பிறகு ஒருவரையொருவர் தேடிப் பிடித்தோம். காலையில் பூப்படம் போட்ட வணக்கம், பகலில் பேரப்பிள்ளை போட்டோ, வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா. கோவா போனார்கள், ராஜஸ்தான் போனார்கள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் எதற்கும் போகவில்லை. குன்னூரிலேயே ஒரு தேயிலைத் தரகர் ஆபீசில் நான் கிளார்க். எந்த பேக்டரி, எந்த ரகம், எத்தனை மூட்டை என்று வாராவாரம் ஏலத்துக்கு வரும் தேயிலைக்குப் பட்டியல் போடுவது என் வேலை. வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, போனில் ஒரு வீடியோ பார்த்தேன். போர்னியோ காட்டில் ஒரு தாய் ஒராங்குட்டான் மரத்து உச்சியில் கிளைகளை வளைத்து, ஒடித்து, மடித்துப் படுக்கை போடுகிறது. தினம் சாயங்காலம் ஒரு புதுப் படுக்கை. காலையில் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டி ஒரு சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு அம்மா செய்வதைத் தானும் செய்து பார்க்கிறது. குன்னூருக்குள்ளேயே ஒன்பது வாடகை வீடு மாறியவள் நான். ஒவ்வொரு முறையும் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டும்போது அழுதிருக்கிறேன். இந்த மிருகம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வயதில் எனக்கு எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம்.

வீடியோவைக் குழுவில் போட்டேன். படகில் மூன்று நாள் தங்கி, ஆற்றோடு போய்ப் பார்க்கலாமாம் என்றும் எழுதினேன். "கொரங்கு பாக்க பிளைட்ல போவோணுமா? சிம்ஸ் பார்க் வாசல்ல நில்லு, உன்ற பையவே புடுங்கிட்டுப் போகும்" என்று ஒருத்தி பதில் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்காகப் பேசியவள் என் பெஞ்சுத் தோழி. "அவ வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கா. இந்தத் தடவ அங்கதான்" என்று எழுதினாள். அதோடு முடிவாகிவிட்டது.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அவளும் நானும் ஒரே பெஞ்ச். அவள் அப்பா கோயம்புத்தூரிலிருந்து வந்து குன்னூர் பஜாரில் இரும்புக்கடை வைத்தவர். என் அப்பா சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, எஸ்டேட் பேக்டரியில் இலை வாட்டும் வேலை பார்த்தவர். மத்தியானம் என் டிபன் பாக்ஸ் அவளிடம் போகும், அவளுடையது என்னிடம் வரும். எங்கள் வீட்டு வத்தக்குழம்புக்கு அவள் அடிமை. இப்போது அவள் கோயம்புத்தூரில் மில்லுக்காரர் வீட்டு மருமகள். ஏற்பாடுகள் முழுவதையும் அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

"பிளைட்டுக்கும் விசாவுக்கும் மட்டும் நீ பாத்துக்கோ. அங்க படகு செலவு என்னோடது. அதப் பத்திப் பேசாத."

"வேணாம், அதையும் நானே குடுத்துடறேன்."

"போடி பைத்தியம். நீ வந்தாப் போதும்."

இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், அதுதான் கொடுமை.

எங்கள் பக்கத்துக்காரர்கள் வெளிநாடு கிளம்பினால் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக எடுத்து வைப்பது பருப்புப்பொடி. ஏழு பேரில் மூன்று பேர் சுத்த சைவம். அந்தப் படகுகளில் எதைச் சமைத்தாலும் காய்ந்த இறாலை அரைத்துப் போடுவார்கள் என்று ஒருத்தி எங்கோ படித்துவிட்டுப் பயந்துபோனாள். "கொஞ்சம் பொடி, தொக்கு எல்லாம் பண்ணிக் கொண்டாந்துரு, கண்ணு. உன்ற கை ருசி யாருக்கும் வராது" என்றாள் பெஞ்சுத் தோழி. ஒரு வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் அதே வேலை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வறுத்த வத்தல், அப்பளம். சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்தேன். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தபோது மேனேஜர், "அங்கயே தங்கிடாதீங்க மேடம், வாராவாரம் ஏலம் இருக்கு" என்று கேலி செய்தார். ஊட்டி பஜாருக்குப் போய் ஒரு பைனாகுலர்கூட வாங்கினேன்.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஜகார்த்தா, அங்கிருந்து ஒரு சின்ன ஊர், பிறகு துறைமுகம். படகு மரத்தால் செய்தது, இரண்டு தட்டு. மேல்தட்டில் சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள், மெத்தை, கொசுவலை. கீழ்த்தட்டில் இன்ஜின், அதற்குப் பின்னால் சமையலறை. நிமிர்ந்து நிற்க முடியாது, குந்தியபடிதான் சமைக்க வேண்டும். வழிகாட்டி நாற்பது வயதிருக்கும், நன்றாக இங்கிலீஷ் பேசினார். ஆறு பேரிடமும் கை குலுக்கி வரவேற்றுவிட்டு, என்னை மட்டும் கீழே கூட்டிப்போய் கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், கத்தி, அரிசி மூட்டை எல்லாம் காட்டினார். பொடி டப்பாக்கள் என் பையில் இருப்பதைப் பார்த்துவிட்டார், கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அனுமதி அட்டை கொடுத்தார். ஆறு அட்டை. எனக்கு வரவில்லை. "உன்னது அவன்கிட்டயே இருக்கும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள் பெஞ்சுத் தோழி. அவள் அதைச் சொல்லும்போது செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

படகு கிளம்பியது. முதலில் ஆறு சேற்று நிறம். இருபக்கமும் தண்ணீருக்குள்ளிருந்தே எழும்பும் பனை மாதிரியான செடிகள். ஒரு கிளையாற்றில் திரும்பியதும் தண்ணீர் கறுத்து, நல்ல டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. தொங்கும் மூக்கு வைத்த குரங்குகள் கூட்டமாக மரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. அவற்றைப் பார்த்து, பத்தாம் வகுப்பு ஹெட்மாஸ்டரை நினைத்துச் சிரித்தோம். அந்த ஒரு மணி நேரம் நானும் மேலேதான் இருந்தேன். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஒரு மணி நேரம் அது.

பிறகு பசி என்றார்கள். கீழே போய்ச் சோறு வடித்து, வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்தேன். கைதட்டிச் சாப்பிட்டார்கள். "இதுக்குத்தாண்டி உன்னக் கூட்டியாந்ததே!" என்று ஒருத்தி சொன்னாள், நானும் சேர்ந்து சிரித்தேன். மேலே போட்டிருந்த மெத்தை ஆறு. "நீதான் வெடியால எந்திரிக்கறவ, கீழயே படுத்துக்கோ, யாரும் உன்ற தூக்கத்தக் கெடுக்க மாட்டாங்க" என்றார்கள். சரி என்று இன்ஜின் பக்கத்தில் பாயை விரித்தேன். இப்போது எழுதும்போது எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

மறுநாள் காலை ஒரு மரப்பலகைப் படகுத்துறையில் படகைக் கட்டினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் அரைமணி நடந்தால் ஒரு மேடை இருக்கிறது. வனக்காவலர்கள் அதில் வாழைப்பழம் கொட்டிவைப்பார்கள், காட்டில் இஷ்டம்போல் திரியும் ஒராங்குட்டான்கள் மனமிருந்தால் இறங்கி வரும். நான் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கினேன். துறையின் முடிவில் ஒரு குடிசை, அதில் ஒரு காவலர், கையில் காகிதம். பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஆறு பேரும் உள்ளே போனார்கள். என் பெயர் வரவில்லை.

வழிகாட்டி என் பக்கத்தில் வந்து, சமையல் ஆள் படகிலேயே இருக்க வேண்டும் மேடம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"நான் சமையல் ஆள் இல்லை. இவர்களுடைய பிரெண்டு" என்றேன்.

அவர் குழம்பிப்போய் அந்தக் காகிதத்தை வாங்கி என்னிடம் காட்டினார். முப்பது வருடமாகப் பட்டியல் பார்க்கிறவள் நான், ஒரு பார்வை போதும். மேலே பயணிகள் என்று ஆறு பெயர். அதன் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே படகோட்டி, உதவியாள், வழிகாட்டி, கடைசியில் சமையல். சமையலுக்கு நேராக என் பெயர், என் பாஸ்போர்ட் நம்பர். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

பெஞ்சுத் தோழி திரும்பி வந்தாள்.

"என்னடி இது?"

"ஐயோ, அது ஒண்ணுமில்லடி. ஏஜென்ட்டுதான் சொன்னான். சமையலுக்கு உங்க ஆளே வந்தா எங்க ஆளு வேணாம், அந்தக் கணக்குல ஒருத்தர் போட்டுல சும்மாவே வரலாம்னான். பேப்பருக்குத்தான். எறங்கறதுக்கெல்லாம் பேரு பாப்பானுங்கன்னு யாரு கண்டா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன்தான். அதற்காகத்தான் அவள் சொல்லவில்லை. என்னைக் கூட்டிவர வேண்டும் என்ற ஆசையில் என்னைக் கோட்டுக்குக் கீழே போட்டுவிட்டாள். இதில் தப்பு இருப்பதாக அவளுக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவளுக்காவது தெரியவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் இந்த ஏற்பாடும் முன்பே தெரியும், அதில் இருக்கும் தப்பும் தெரியும் என்பதை அவர்கள் என்னைத் தவிர்த்து மரங்களைப் பார்த்த விதத்தில் புரிந்துகொண்டேன்.

இங்கேயே பணம் கட்டி ஒரு அட்டை வாங்க முடியாதா என்று வழிகாட்டியைக் கேட்டேன். துறைமுக ஊரில்தான் கொடுப்பார்கள், படகில் திரும்பிப் போய்வர ஒரு நாள் ஆகும் என்றார். ஊட்டியில் துணிக்கடை வைத்திருக்கும் தோழி, ஒருவருடைய அட்டையை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போகலாமா என்று அவரை விசாரித்தாள். கூடாது, பாஸ்போர்ட் நம்பர் பார்ப்பார்கள் என்று அவர் சொன்னார். அதைக் கேட்டு முடித்த பிறகு என்னிடம் வந்து, "என்ற அட்டைய எடுத்துக்கிட்டு நீ போ புள்ள, நான் இருந்துக்கறேன்" என்றாள். எங்களில் டாக்டராக இருக்கும் இன்னொரு தோழி அந்த நடிப்பும் நடிக்கவில்லை. "அந்த பைனாகுலரக் குடுத்துட்டுப் போடி, போட்டுல உனக்கு எதுக்கு?" என்று கேட்டாள். கழற்றிக் கொடுத்தேன்.

"மனசுல வெச்சுக்காத" என்றாள் பெஞ்சுத் தோழி. "கஷ்டப்பட்டு நெறைய ஒண்ணும் பண்ண வேணாம். மத்தியானத்துக்கு ஒரு ரசம் மட்டும் வெச்சிரு, போதும்."

அவர்கள் மரங்களுக்குள் மறையும்வரை நின்றுவிட்டுப் படகுக்குத் திரும்பினேன். படகோட்டி என்னைப் பார்த்து, பக்கத்துப் படகிலிருந்த சமையல்காரப் பெண்ணைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி மிளகாயும் ஒரு கத்தரிக்காயும் நீட்டினாள். தொழில் முறையில் ஒரு மரியாதை. வாங்கிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் உன்னைப்போல இல்லை என்று என் மனம் கத்திக்கொண்டிருந்தது, அது இன்னொரு வெட்கம்.

என்ன செய்தேன் தெரியுமா? ரசம் வைத்தேன். சாம்பார் வைத்தேன். கத்தரிக்காயைப் பொரியல் செய்தேன். கோபம் வந்தால் வழக்கத்தைவிட நன்றாகச் சமைக்கிற ஜென்மம் நான். சாம்பாரில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டால் என்ன என்று நினைத்தேன், டப்பாவைத் திறந்தும் விட்டேன். கை வரவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. சமையலையாவது குறை சொல்ல விடக்கூடாது என்ற வீறாப்பு. அவமானப்பட்ட இடத்திலேயே நல்ல பெயர் வாங்கப் பார்க்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

திரும்பி வந்தவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். கன்னம் தட்டு மாதிரி விரிந்த பெரிய ஆண் ஒன்று மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டதாம். வேறு யாரும் கிட்டே வரவில்லையாம். அது போன பிறகு ஒரு தாய், வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டபடி வந்து, வாய் நிறைய, இரண்டு கை நிறைய, ஒரு காலிலும் பழத்தை எடுத்துக்கொண்டு ஏறிப்போனதாம். "நீ பாக்கலியேடி, பாவம்" என்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்கள். என் கையில் கரண்டி இருந்தது. பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் பார்த்த அதே அளவு சதுரம். இரண்டாம் முறை சாம்பார் கேட்டார்கள்.

சாயங்காலம் ஆற்றின் ஒரு இடத்தில் காடு மெலிந்து, அதன் பின்னால் வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனை தெரிகிறது என்று மேலே பேசிக்கொண்டார்கள். காட்டை வெட்டித்தான் இதைப் போட்டிருக்கிறார்கள் என்று வழிகாட்டி விளக்கினார். "பாவம், அதுங்க ஊட்டையெல்லாம் புடுங்கிட்டாங்க பாரு" என்று டாக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டாள். எங்கள் மலையில் தேயிலை எதை வெட்டிவிட்டு நட்டது என்று யாருக்கும் நினைவு வரவில்லை. அவர்களுக்கு நான் அப்பளம் பொரித்ததும் அந்தப் பனை எண்ணெயில்தான்.

மூன்றாம் நாள் காலை படகு திரும்பிக்கொண்டிருந்தபோது இன்ஜினை நிறுத்தினார்கள். மேலே, "அதோ! அதோ! குட்டி! படுக்கைலருந்து எந்திரிக்குது!" என்று கூச்சல். எந்த மேடையும் பழமும் இல்லாமல், தானாக, ஆற்றோரத்து மரத்தில். நான் வீடியோவில் பார்த்தது அதுதான், நான் வந்தது அதற்குத்தான். என் வாணலியில் மிளகாய் வத்தல் கிடந்தது. சமையலறையின் கூரை தாழ்வு, அங்கிருந்து பார்த்தால் தண்ணீரும் வேரும்தான் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே நீட்டினேன். ஒரு கிளை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை. ஆட்டம் குறைந்து, குறைந்து, நின்றது.

"ஏய், ஏதோ தீயுதுடி!" என்று மேலேயிருந்து பெஞ்சுத் தோழி குரல் கொடுத்தாள்.

ஆபீசில் கேட்டார்கள். "பார்த்தீங்களா மேடம்?" பார்த்தேன் என்று சொன்னேன். கன்னம் விரிந்த ஆணைப் பற்றியும், காலில் பழம் பிடித்துப் போன தாயைப் பற்றியும் விவரமாகச் சொன்னேன். மேனேஜர் போட்டோ கேட்டார், குழுவில் வந்ததை அனுப்பினேன். அவர்கள் செய்ததை மறைக்க நான் பொய் சொன்னேன் என்று சில நாள் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான். கோட்டுக்குக் கீழே நின்றவள் என்று யாரிடமும் சொல்ல என்னால் முடியவில்லை. குழுவில் வந்த இருநூற்றுச் சொச்சம் போட்டோக்களில் நான் ஒன்றில் இருக்கிறேன். குந்தி உட்கார்ந்து அப்பளம் திருப்புகிறேன். 'எங்க அன்னலட்சுமி' என்று பெஞ்சுத் தோழி எழுதி, மூன்று இதயம் போட்டிருக்கிறாள்.

போன மாதம் அடுத்த பயணம் பற்றிப் பேச்சு வந்தது. வியட்நாம், படகில் நாலு நாள். இந்த மாதிரிக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ஒன்று என்று தன் பெயரைப் போட்டு அனுப்ப, அடுத்தவர் அதை நகலெடுத்து இரண்டு என்று தன் பெயரைச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆறுவரை வந்தது. ஏழாவதாக என் பெயரைப் பெஞ்சுத் தோழியே சேர்த்துப் போட்டிருந்தாள்.

நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத நினைத்த வசவுகளை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் பட்டியலை நகலெடுத்து, ஏழு என்ற எண்ணையும் என் பெயரையும் நீக்கிவிட்டு, ஆறாவது பெயருக்குக் கீழே ஒரு நீளக் கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே 'சமையல்: ஒரு ஆள்' என்று எழுதி அனுப்பினேன்.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். முதலில் துணிக்கடைத் தோழி கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் நாலு போட்டாள். அதன் பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். டாக்டர் கட்டைவிரல் காட்டினாள். கடைசியாகப் பெஞ்சுத் தோழியின் பதில் வந்தது.

"சூப்பர்டி! அப்ப நீ வர்றேன்னு ஏஜென்ட்டுகிட்டச் சொல்லீர்றேன். உன்ற பாஸ்போர்ட் நம்பர் எங்கிட்டயே இருக்கு."